அங்கன்வாடிக் கூரையில் ஒரு பெருக்கல் குறி

போன வாரம் கட்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். இணைய அணியில் ஏதோ பொறுப்பாம். தொழிலாளர் தின மலர் ஒன்று போடுகிறார்களாம், அதற்கு நான் கட்டுரை எழுத வேண்டுமாம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் பேரூராட்சித் தலைவரான கதையை இரண்டு பக்கத்துக்கு மிகாமல், 'கொஞ்சம் கஷ்டத்தோட' எழுதித் தரச் சொன்னார். கூடவே அந்தப் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு படமும் வேண்டுமாம். பதினோரு வருஷமாக என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத கட்சிக்கு இப்போது என் கஷ்டம் தேவைப்படுகிறது என்றால், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

எழுதித் தருகிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். இதோ எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முதலில் அந்த ஹெல்மெட். அது என்னுடையது இல்லை. சுரங்கத்தில் என் தலையில் இருந்ததை வேலையை விட்ட அன்றே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்சி போஸ்டரில் நான் மாட்டிக்கொண்டு நிற்பது கம்பம் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய மஞ்சள் ஹெல்மெட். கொத்தனார்கள் போடுவது. அதன் நெற்றியில் ஒரு டார்ச் லைட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

வேலையை விட்டு ஊருக்கு வந்து, ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சும்மா இருந்தவன் நான். அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஒரு தொழிலாளி தேவைப்பட்டார். இருக்கிறவர்கள் எல்லாம் மண்டிக்காரர்களும் காண்டிராக்டர்களுமாக இருந்தார்கள். மாவட்டச் செயலாளரே என்னைத் தேடி வந்தார். எங்கள் கட்சியில் அவரை யாரும் பெயர் சொல்லமாட்டார்கள், 'மாவட்டம்' என்பார்கள். மாவட்டம் வந்திருக்காக, மாவட்டம் சாப்பிடுறாக, மாவட்டத்துக்கு வயிறு சரியில்லை. ஒரு மனிதரை இப்படி மாவட்டம் முழுக்க, போடிமெட்டிலிருந்து குமுளி வரைக்கும் நீட்டிவிட்டால், அவரிடம் போய் நியாயம் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

ஸ்டூடியோவில் என் முகம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று மாவட்டத்துக்குக் குறை. கண்மை டப்பா ஒன்றை வாங்கிவரச் சொல்லிக் கன்னத்தில் தேய்த்தார்கள். கரித்தூசி அப்படி அப்பாது. கண் இமையோரமும் மூக்கோரமும்தான் படியும், வியர்வை வழிந்த இடம் கோடு கோடாக வெளுத்திருக்கும். போஸ்டரைப் பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாறுவேடம் போட்ட பிள்ளை மாதிரி இருந்தேன். என்னை யாரும் கட்டிப் போட்டு மை பூசவில்லை. முகத்தை நானேதான் காட்டினேன். 'சுரங்கச் சிங்கம்' என்று போட்டிருந்ததைப் படித்தபோது உள்ளுக்குள் குளிர்ந்ததும் நிஜம். ஜெயித்தும் தொலைத்தேன்.

இனிச் சுரங்கம். பெயர் வேண்டாம், வடக்கே ஒரு சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அந்த ஒரு தகுதியை நம்பி, பத்தாவதில் தவறிய என்னைச் சித்தப்பா ரயிலேற்றிவிட்டார். நான்கு வருஷம் தொட்டியில் கரி அள்ளிப் போட்டேன், மூன்று வருஷம் வெடிக்காரனுக்குக் கையாளாக இருந்தேன், பரீட்சை எழுதி சர்தார் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் 'பூமித்தாயின் கருவறையில் தவமிருந்தவர்' என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். தவமாவது ஒன்றாவது, முதுகுவலிதான் மிச்சம்.

சர்தார் என்றால் பெரிய தலைப்பாகைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஷிப்டுக்கு ஷிப்டு மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போய், கூரை தாங்குமா என்று பார்க்கிறவன், அவ்வளவுதான். கையில் இரும்புப் பூண் போட்ட தடி இருக்கும். இடது உள்ளங்கையைக் கூரையில் பதித்து வைத்துக்கொண்டு வலது கையால் தட்ட வேண்டும். நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளங்கையில் ஒன்றும் தெரியாது. மேலே பிடிப்பு விட்டுப்போன கல் தொப்பென்று கேட்கும், கையில் ஒரு நடுக்கம் ஓடும். நல்லதென்றால் சாக்பீஸால் தேதியும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுத வேண்டும். கெட்டதென்றால் அவற்றோடு ஒரு பெருக்கல் குறியும் போட வேண்டும்.

அந்தக் குறிக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. குறி போட்ட இடத்துக்குக் கீழே ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள். விட்டுப்போன கல்லைத் தட்டி இறக்கிவிட்டோ, முட்டுக் கொடுத்துவிட்டோ, மறுபடி தட்டிப் பார்த்து அதைப் போட்டவன்தான் அழிக்க வேண்டும். மானேஜரே வந்தாலும் கை வைக்கமாட்டார். நாத்திகன் முதல் சாராயம் குடித்துவிட்டு வருகிறவன் வரை எல்லோரும் மதித்த ஒரே விஷயம் அதுதான்.

சர்தார்களுக்கு மேலதிகாரி ஓவர்மேன். என் ஓவர்மேன் பெயர் கனகய்யா என்று வைத்துக்கொள்வோம். குள்ளமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கரிச் சுரங்கத்துக்குள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து அதே மடிப்போடு வெளியே போகிற வித்தை அவருக்குத் தெரியும். நாம் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கோபம் வந்தால் 'நாயனா' என்று கூப்பிடுவார். அப்பா, கண்ணே என்பது மாதிரி. அவர் நாயனா என்று கூப்பிட்டால் யாருக்கோ கேடு என்று எங்களுக்குத் தெரியும். எந்தக் கூரையிலும் அவர் கை பட்டதில்லை, எந்தக் குறியையும் அவர் அழித்ததில்லை.

ஒருநாள் காலை ஷிப்டில் நாலாம் நம்பர் முகப்பில் குறி போட்டேன். கரி வெட்டுகிற இடத்தை முகப்பு என்போம். அந்த மாதம் கரி குறைந்திருந்ததால் கனகய்யா அவரே வந்தார். குறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். முட்டுக் கொடுக்க மரம் வர மத்தியானம் ஆகும் என்றேன்.

"நாயனா, இன்னொரு தரம் தட்டிப் பாரு. நேத்து உனக்குச் சளின்னு சொன்னியே, காது அடைச்சிருக்கும்" என்றார். தெலுங்கில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

தட்டினேன். தொப்பென்றது. மறுபடி என்றார். மறுபடியும் தொப்பென்றது. ஆறு தடவை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது தடவை எனக்குக் கணீரென்று கேட்டது. சத்தியமாகக் கேட்டது. நல்லாத்தான் இருக்கு என்றேன்.

கனகய்யா சிரித்தார். "அப்ப நீயே அழிச்சுடு நாயனா. நான் அழிக்கக் கூடாது, வழக்கம் இருக்குல்ல" என்றார். என் சட்டைக் கையாலேயே அழித்தேன்.

பத்து மணி வாக்கில் கல் இறங்கியது. மல்லய்யா என்று ஒரு மரக்காரன், முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், அவன் இடது கால் மட்டும் கல்லுக்குக் கீழே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை முழங்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். விசாரணையில் கனகய்யா ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. சர்தார் தட்டிப் பார்த்தான், நல்லதென்றான், அவன் கையாலேயே அழித்தான், நான் தொடவே இல்லை என்றார். எனக்கு மூன்று மாதம் சஸ்பெண்டு. அவருக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு வந்தது.

மல்லய்யாவை லேம்ப் ரூமில் போட்டார்கள். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் அங்கே நின்றுதான் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது வருஷம் அவன் கையிலிருந்து விளக்கை வாங்கினேன். என்னுடையதை மட்டும் ஒரு தடவை போட்டு, அணைத்து, சரி பார்த்துக் கொடுப்பான். விளக்கின் நம்பரைச் சொல்வான். ஒன்பது வருஷத்தில் அதைத் தவிர அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் காறித் துப்பியிருந்தால் நான் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றிருப்பேன். நம்பரைக் கேட்கச் சகிக்காமல்தான் சர்வீஸ் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்தேன். இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. தவமிருந்த கதைதான் சொல்லியிருக்கிறேன்.

தலைவரான மூன்றாம் வருஷம் எங்கள் ஊரில் அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் வந்தது. காண்டிராக்டு எடுத்தவர் மாவட்டத்தின் மைத்துனர். அவரை ஆள் வைத்துத் தேட வேண்டியதில்லை, எங்கள் பக்கம் எந்தக் கட்டடத்துக்கும் அவர்தான். மந்திரி வரும் தேதி முதலில் முடிவானது, கட்டடம் அதற்குப் பின்னால் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை கூரைக்குக் கான்கிரீட் போட்டதைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போகும்போது, கான்கிரீட் இறுகும்வரை தாங்க வேண்டிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏனப்பா இவ்வளவு அவசரம் என்றதற்கு, பலகை வேறு ஊருக்கு வேணுமாம் என்று பதில் வந்தது.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னால் பார்க்கப் போனேன். பூச்சு முடிந்து, சுவரில் முயலும் யானையும் வரைந்துகொண்டிருந்தார்கள். அங்கன்வாடி டீச்சர் செல்வமணி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு மூங்கிலை எடுத்துவரச் சொல்லி, நுனியில் பழைய மண்வெட்டிப் பூணை மாட்டி, ஸ்டூலில் ஏறி உள்ளங்கையைப் பதித்துத் தட்டிப் பார்த்தேன். மூன்று மூலையும் நடுவும் கணீரென்றன. தென்மேற்கு மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தொப்பென்றது. கையில் அந்த நடுக்கம் ஓடியது. வருஷக்கணக்கில் மறந்திருந்த நடுக்கம்.

டீச்சரிடம் சாக்பீஸ் வாங்கி, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். தேதியும் எழுத்தும் போட்டேன். டீச்சர் விழித்துக்கொண்டு நின்றது. சுரங்கத்து வழக்கத்தைச் சொன்னேன். இந்தக் குறிக்குக் கீழே யாரும் உட்காரக் கூடாதம்மா, போட்டவன்தான் வந்து அழிக்கணும், மானேஜரே வந்தாலும் கை வைக்கக் கூடாது என்றேன். சரிங்கய்யா என்றது.

மறுநாள் மாவட்டமே வந்துவிட்டார், மைத்துனரும் உதவிப் பொறியாளரும் கூட வந்தார்கள். பொறியாளர் அண்ணாந்து பார்த்துவிட்டு, அது பூச்சு விட்டுப்போன சத்தம், கான்கிரீட்டுக்கு ஒன்றுமில்லை என்றார். இருக்கலாம். பூச்சு மட்டும் விட்டுப் போனாலும் அப்படித்தான் கேட்கும். கொஞ்சம் தட்டி உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். உடைக்க நேரமில்லை, மந்திரி வருகிறார். மைத்துனருக்கோ வேறு கவலை. கன்னி மூலையில் இப்படிக் குறி போட்டு வைத்தால் தரித்திரம் பிடிக்கும் என்று பதறினார். கூரை விழுமோ என்று பதறாத மனிதர், வாஸ்துவுக்குப் பதறினார்.

மாவட்டம் என் தோளில் கை போட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, நீங்க போட்ட குறி. நாங்க யாரும் கை வைக்க மாட்டோம். நீங்களே அழிச்சுட்டு, மந்திரி பக்கத்துல நின்னு நீங்களே ரிப்பனப் புடிங்க."

எனக்குக் கனகய்யாவின் இஸ்திரிச் சட்டை கண்முன் வந்தது. அழிக்க மாட்டேன் என்றேன்.

"அண்ணே, இது சொரங்கம் இல்ல. அங்கன்வாடி."

"சொரங்கத்துல இருந்தவன் பெரிய ஆளு, ஓடுவான். இங்கன இருக்கிறது தவழுற பிள்ளைக" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. வீரத்தில் நடுங்கியதாக யாரும் எழுத வேண்டாம், பதவி போகப் போகிறது என்ற பயத்தில்தான் நடுங்கியது.

குறித்த தேதியில் திறப்பு விழா நடந்தது. துணைத் தலைவர் ரிப்பனைப் பிடித்தார். அதற்கு முந்தின நாள் யாரோ ஒரு பெயிண்டர் ஒரே இழுப்பில் என் குறியை மூடிவிட்டார். மந்திரி மேடையில், உங்கள் தலைவர் சுரங்கத்திலேயே இருந்தவர், கூரையைக் கண்டாலே பயம் என்றாராம். கூட்டம் கைதட்டியதாம். நான் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினேன். அதே பொறியாளரிடம் விளக்கம் கேட்டார்கள், அவர் பூச்சில் மட்டும் குறை என்று எழுதினார், மேலேயே இன்னொரு தடவை பூசி ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள். அடுத்த தேர்தலில் எனக்கு சீட் இல்லை. சிங்கம் போஸ்டரிலிருந்து இறங்கிவிட்டது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று உண்டு. கூரை விழவில்லை.

ஒரு மழைக்காலம் போனது, இரண்டு போனது, பதினொன்று போனது, கூரை நின்றது. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால், "தலைவரே, கூரை இன்னைக்கு எத்தன மணிக்கு?" என்பார்கள். முதலில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள், அப்புறம் நம் கட்சிக்காரர்கள், அப்புறம் பொழுது போகாத எல்லோரும். நான் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. காலை பத்து மணிக்கு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் நனைந்துகொண்டு வந்து, அங்கன்வாடிப் பக்கம் ஏதோ இடிஞ்சு விழுந்துருச்சாம் என்றான். நான் குடையைக்கூட விரிக்காமல் ஓடினேன். அன்று பார்த்தவர்கள், இந்த வயசில் பிள்ளைகளுக்காக எப்படி ஓடினார் பார் என்று பேசிக்கொண்டார்களாம். மலரில் அப்படித்தான் போடுவீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அவன் அதைச் சொன்னதும் என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அது சந்தோஷம். பத்து மணிக்கு உள்ளே பிள்ளைகள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் துள்ளியது. கனகய்யாவைப் பற்றியும் மாவட்டத்தைப் பற்றியும் இவ்வளவு எழுதிய நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துபோனது.

விழுந்தது பக்கத்து வீட்டு மதில்சுவர். அங்கன்வாடி அப்படியே நின்றது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருந்தன. வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். செல்வமணி டீச்சர் ஒரு துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னது. அதற்கும் நரைத்துவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, பிள்ளைகள் இப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றனவே, அந்த மூலையில் எதற்கு இவ்வளவு சாமானை அடைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தென்மேற்கு மூலையில் பீரோ, அரிசி மூட்டை, உடைந்த எடை மெஷின், கிழிந்த பாய் எல்லாம் சுவர்போல அடுக்கியிருந்தது.

டீச்சர் என்னை விசித்திரமாகப் பார்த்தது. "நீங்கதானய்யா குறி போட்டீக? அதுக்குக் கீழ பிள்ளைகள எப்படி ஒக்கார வைக்கிறது?"

"அதத்தான் அவுக பெயிண்ட் அடிச்சு அழிச்சாச்சே."

"அவுகதான் அழிச்சாக. போட்ட ஆளு வந்து அழிக்கலையே" என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டது.

பதினோரு வருஷம். என்னை நம்பி ஓட்டுப் போட்ட ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒரு ஆள் யாரிடமும் சொல்லாமல் பீரோவைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தது. கூரை விழுந்தால் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும். அந்த வாசலில் அழுதுவிட்டேன். மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டூலை எடுத்து வரச் சொல்லி ஏறினேன். இடது கையைப் பதித்துக் குடைக் காம்பால் தட்டினேன். தொப்பென்றுதான் கேட்டது. நான் கேட்க விரும்பியதைக் கேட்டேனா என்று என் காதை நானே நம்பவில்லை. அதனால் டீச்சரையும் மேலே ஏற்றி, கையைப் பதிக்கச் சொல்லித் தட்டினேன். "ஆமாங்கய்யா, அதிருது" என்றது. கூரையை உடைத்துப் பார்க்கச் சொல்லி மறுபடி மனுக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அதில் டீச்சரின் கையெழுத்தும் இருக்கிறது.

தம்பி கேட்ட படத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடை ஹெல்மெட்டைப் பேத்தி மண் அள்ளி விளையாடி உடைத்துவிட்டாள். கண்மைக்கு முகம் காட்டும் உத்தேசமும் எனக்கு இல்லை. படம் அவசியம் வேண்டுமென்றால் அங்கன்வாடிக்குப் போய்த் தென்மேற்கு மூலையை அண்ணாந்து எடுத்துக்கொள்ளட்டும். ரோஸ் பெயிண்டின் மேல் புதுசாகப் போட்டு வைத்திருக்கிறேன், தேதியும் எழுத்தும் தெளிவாகத் தெரியும்.